இருபத்துமூன்று பேருக்கு இங்கிலீஷில் ஒரு பெயர்

வட லண்டனில் எட்மண்டனை விட்டு ஒரு மணித்தியாலம் நடந்திருப்பேன். வலது சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. இடது சப்பாத்து இன்னும் காய்ந்துதான் இருந்தது. ஒரு கால் குளிரிலும் மற்றக் கால் சூட்டிலுமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. கையில் கடைப் பை ஒன்று, அதற்குள் போர்வை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கடைக்கு மேலே நான் படுத்த அறை முதலாளியின் மைத்துனனுக்குத் தேவைப்பட்டது. அறை போனால் வேலையும் போகும் என்பது முதலே தெரிந்த விஷயம். முதலாளி கெட்டவர் இல்லை. போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். தோல் கறுத்துப்போனவைதான், உள்ளே நல்ல இனிப்பு.

அந்தக் கடையில் நாங்கள் மூன்று பேர். வெள்ளைக்காரர் யாராவது வந்து சாமான் எங்கே என்று கேட்டால் முதலாளி "ஆஸ்க் மை போய்ஸ்" என்பார், என் பெடியன்களைக் கேளுங்கள் என்று. மூன்று போய்ஸில் நான்தான் இளையவன். எனக்கு அப்போது நாற்பத்தாறு. மூத்த போய்க்கு இரண்டு பேரப்பிள்ளைகள்.

அந்த மூத்தவர்தான் சொல்லியிருந்தார். தென் லண்டனில் ஒரு சேர்ச் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் சனம் கூடிச் சாப்பிடுகிறார்கள், போனால் யார் நீ என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று. அன்று செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் போனால் பத்து மணிக்கே போய் வாசலில் நிற்கவேண்டும். அதனால் நடந்தேன்.

பலகையில் படித்த இங்கிலீஷ்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், "எட்டாம் வகுப்போடு நின்றவர் என்கிறீர்கள், இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். பலகையிலும் படிவத்திலும் படித்ததுதான். அதிலும் என்னைப் போன்றவர்களைக் கூட்டமாகக் கூப்பிடுகிற சொற்களையே முதலில் படித்தேன். அவை தெரியாவிட்டால் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது.

விமான நிலையத்தில் நாங்கள் "அதர் பாஸ்போர்ட்ஸ்". பிறகு கதவை வெளியிலிருந்து பூட்டுகிற ஒரு கட்டிடத்தில் சில மாதம் வைத்திருந்தார்கள். அங்கே எங்களுக்குப் பெயர் "றெசிடென்ட்ஸ்". வெளியே விட்டதும் ஒரு ஹொஸ்டலில் "கிளையன்ட்ஸ்" ஆனோம். கிளையன்ட் என்றால் வக்கீலைப் பிடிக்க வசதி உள்ளவன் என்று நினைத்து இரண்டு நாள் பெருமையாக இருந்தேன்.

கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் நாங்கள் "ஏஜென்சி". "ஏஜென்சி திஸ் சைட்!" என்று ஒருவன் கத்துவான், நாற்பது பேர் நகர்வோம். அங்கே ஸ்டாஃப் என்றால் சாப்பிட ஒரு அறை, கதிரை, ஜன்னல். ஏஜென்சி என்றால் உட்கார வாசலில் ஒரு குந்து. எனக்கு இதில் கோபம் இல்லை. ஒன்று மட்டும் விளங்கிற்று. இந்த நாட்டில் உன்னை எந்தச் சொல்லால் எழுதுகிறார்களோ, அந்தச் சொல்லுக்குரிய கதவுதான் திறக்கும்.

லூயிஷாம் சந்தைக்கு வரும்போது மழை விட்டிருந்தது. தோடம்பழக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நடை. எந்த வட்டாரம், எந்தத் தெரு என்று எழுதவேண்டாம் என்று, பிறகு இந்தக் கதையில் வரும் லோகா அக்கா சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.

சோறு ஆறிக்கொண்டிருந்தது

கொரோனா முடிந்து மண்டபங்களைத் திரும்பத் திறந்த காலம் அது. உள்ளே போனதும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மோர்மிளகாயும் மணத்தன. நீள மேசைகளில் சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்துச் சோறும் போட்டிருந்தார்கள். சுற்றிவர வயதானவர்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் சனம் கூடின இடத்தில் அப்படி நடந்தால் ஏதோ பிழை என்று அர்த்தம்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. நல்ல நாளிலதான் வந்திருக்கிறியள். இண்டைக்குக் கடைசிப் பந்தி" என்றார் ராணி அக்கா. சமையல் அவர் பொறுப்பு. கையில் அகப்பையோடுதான் பேசுவார்.

விஷயம் இதுதான். மண்டபம் குளிர். ஹீட்டர் ஒன்று கேட்டு, இந்தக் கூட்டத்தின் செயலாளர் சிவபாதம் அண்ணை கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். எண்பத்தொரு வயது, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட், முத்து முத்தான கையெழுத்து. கடிதம் இப்படித் தொடங்கியது: "வீ, தி ஹெல்ப்லெஸ், இன்ஃபேர்ம் அண்ட் ஃப்ரெண்ட்லெஸ் ஏஜ்ட் ரெஃப்யூஜீஸ்." கையாலாகாத, நோய்வாய்ப்பட்ட, நாதியற்ற வயோதிப அகதிகளாகிய நாங்கள்.

கவுன்சில் அதை வாசித்துவிட்டு ஹீட்டரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்களை, நிலக்கீழ்க் குசினிக்குப் படி இறங்குகிற ஒரு கட்டிடத்தில், பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லாமலா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கே, செவ்வாய் மூன்று மணிக்கு, அதிகாரி வருவார், அவர் பார்த்தபின் இந்தச் சாப்பாட்டை நிறுத்தவேண்டி வரலாம் என்றும் இருந்தது. வாசித்தால், அவர்கள் கேட்டதில் பிழை சொல்ல ஏலாது.

"ஃப்ரெண்ட்லெஸ்ஸோ?" என்றார் ராணி அக்கா. "அப்ப சுத்திவர இருக்கிற நாங்கள் ஆர் அண்ணை? உங்கட எதிரியளோ?"

"பெட்டிசம் எண்டால் அப்பிடித்தான் பிள்ளை எழுதிறது" என்றார் சிவபாதம் அண்ணை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"இஞ்ச அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில போட்டிடுவாங்கள்."

யாரோ சிரித்தார்கள். சிவபாதம் அண்ணை சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

பெட்டிசம் என்கிற மரியாதை

அவர் பக்கமும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் பெட்டிசம், அதாவது மனு, எழுதுவது ஒரு தனிக் கலை. என் அப்பா வெளியே வேலியடியில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் எங்களைத் தகப்பன் இல்லாப் பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவருக்கும் உண்மை தெரியும், அரசாங்கக் கச்சேரியில் வாசிக்கிற அதிகாரிக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுபோல அது ஒரு பணிவு. செருப்பைக் கழற்றினவனிடம் செருப்பே இல்லை என்று யாரும் நினைப்பதில்லை.

இங்கே அப்படி நினைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. சிவபாதம் அண்ணையின் பெட்டிசத்தால் ஊரில் கிணறும் மதகும் பஸ்ஸும் வந்தனவாம். அதே கையால், இருபத்துமூன்று பேர் கிழமை முழுக்கக் காத்திருக்கிற ஒரு நேரச் சாப்பாட்டுக்கு உலை வைத்துவிட்டோமே என்று அவர் முகம் இருண்டு கிடந்தது.

லோகா அக்காவின் பென்சில்

அப்போதுதான் மூலையிலிருந்த ஒரு பெண், "மொதல்ல எல்லாரும் சாப்புடுங்க. பசியில எழுதுனா இன்னும் அழுகையாத்தான் வரும்" என்றார்.

அவர்தான் லோகா அக்கா. மலேசியாக்காரர். இளவயதில் தாதிப் படிப்புக்கு வந்து, அதை விட்டு, ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்தவர். எழுபதுக்குக் கிட்ட வயது, கட்டையாக வெட்டிய தலைமயிர், காதில் ஒரு மஞ்சள் பென்சில்.

"வக்கீலு சொல்றத அடிக்கிறதுதான் என் வேல" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். "தப்பாச் சொன்னா அடிக்கமாட்டேன். கைய மடில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரே தேடிக் கண்டுபுடிச்சிக்கட்டும்லா."

சாப்பாடு முடிந்தது. மணி ஒன்றேகால். லோகா அக்கா பழைய கோயில் நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி வைத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். இங்கிலீஷில் வாசிப்பார், தமிழில் விளக்குவார், பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, "இது நீங்களா?" என்று கேட்பார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதக் கூடாது. அவரிடம் இருந்த ஒரே சட்டம் இதுதான். நான் பல நாடுகளில் பல படிவங்களை நிரப்பியிருக்கிறேன். எழுதியதை எடுத்துவந்து அந்த மனிதனுக்கே வாசித்துக் காட்டிய ஒருவரை அன்றுதான் கண்டேன்.

முதலில் "எல்டர்லி" என்று வாசித்தார்.

"அந்தச் சொல்லைக் கேட்டாலே மருந்து மணக்குது" என்றார் ஒரு அம்மா.

கோடு போட்டு வெட்டினார். "சீனியர் சிட்டிசன்ஸ்."

"எனக்கு இன்னும் சிட்டிசன் தரேல்லை" என்றார் ஒருவர். "சீனியர் மட்டும்தான் கிடைச்சிருக்கு."

மண்டபம் சிரித்தது. லோகா அக்காவும் சிரித்துக்கொண்டே வெட்டினார். "பென்ஷனர்ஸ்" பாதிப்பேருக்குப் பொருந்தவில்லை. "வல்னரபிள்" என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "சுலுவா காயம் பட்டுடறவங்க" என்று விளக்கினார். "ஆர், நாங்களோ?" என்று கேட்டார் ராணி அக்கா. "ஷெல்லடிக்குள்ளால சமைச்ச சட்டியோட ஓடிவந்த சனம்!" அதையும் வெட்டினார்.

"ரெஃப்யூஜீஸ்" என்று வாசித்தார். ஜன்னலோரம் இருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அது வரேக்க சரி, பிள்ளை. வந்து முப்பத்தைஞ்சு வருஷமாச்சு. எத்தினை காலத்துக்குத்தான் வந்துகொண்டே இருக்கிறது?"

லோகா அக்கா அந்தச் சொல்லை உடனே வெட்டவில்லை. அவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுத்தான் வெட்டினார்.

கடைசியாக வந்தது ஒரு வரி. "ஓல்டர் நெய்பர்ஸ் ஹூ றன் தெயர் ஓன் லன்ச்." தங்கள் மத்தியானச் சாப்பாட்டைத் தாங்களே நடத்துகிற, வயதில் மூத்த அயலவர்கள்.

"அயலவர்" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "ஓம். நான் அடுத்த தெரு. பொய்யில்லை."

"கரட் சீவுறது நான்" என்றார் ஒரு அம்மா. "மேசை அடுக்கிறது நாங்கள் ரெண்டு பேர்" என்றார்கள் வேறு இருவர். லோகா அக்கா ஒவ்வொருவரிடமும் நின்று, "இது நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஓம், ஓம் என்று இருபத்திரண்டு பேரிடமும் வாங்கியாயிற்று.

"இது நானில்லை"

இருபத்துமூன்றாவது ஆள் மகேந்திரத்தார். கைநடுக்க வருத்தம். கரண்டியைப் பிடித்தால் அது கோப்பையில் கடகடவென்று அடிக்கும். அதனால் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின்தான் அவர் சாப்பிடுவார்.

"இது நானில்லை, லோகா" என்றார். "நான் என்னத்தை நடத்துறன்? தண்ணி ஊத்தினாலே மேசையெல்லாம் ஊத்துறன். என்னை விட்டிட்டு எழுதுங்கோ. எனக்குக் கவலை இல்லை."

லோகா அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். சொன்னாரே, கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன் என்று. அப்படித்தான் இருந்தார்.

மணி இரண்டு தாண்டிவிட்டது. "தங்கச்சி, அவரே சொல்லுறார்தானே" என்றார் சிவபாதம் அண்ணை. "நேரம் போகுது. ஒராளுக்காண்டி..."

"ஒராள எடுத்துட்டா இது இந்த மண்டபத்தைப் பத்தின கடுதாசி இல்லண்ணே. வேற எங்கயோ."

நான் அப்போது கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் சிவபாதம் அண்ணையின் நினைப்புத்தான். ஒரு மனிதன் தானே விலகுகிறேன் என்கிறான், விட்டுவிட்டால் மற்றவர்களுக்குச் சாப்பாடு நிலைக்கும். என் வாழ்க்கையில் நான் அப்படி எத்தனையோ தரம் விலகியிருக்கிறேன். ஒருவரும் பென்சிலைக் கீழே வைத்ததில்லை.

ராணி அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"மகேந்திரண்ணை, திங்கட்கிழமை காலமை நீங்கள் எனக்கு போன் அடிச்சு என்ன சொல்லுவியள்?"

"எத்தினை பேர் வருகினம் எண்டு."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் அடிச்சுக் கேக்கிறன். அதுக்கென்ன?"

"நீங்கள் அடிக்காட்டில் நான் எத்தினை சுண்டு அரிசி போடுறது? சாத்திரம் கேட்டுப் போடுறதோ?"

"அது சும்மா போன்தானே, ராணி."

"சும்மாவோ? மாசி மாசம் சீலண்ணை குளியலறைக்குள்ள விழுந்து கிடந்ததை ஆர் கண்டுபிடிச்சது? மூண்டுதரம் அடிச்சும் எடுக்கேல்லை எண்டு, வீட்டுத் திறப்போட அவற்ர மருமகனை அனுப்பினது ஆர்? நானோ?"

ஜன்னலோரம் இருந்தவர் கையைத் தூக்கினார். முப்பத்தைந்து வருடக் கதை சொன்ன அதே ஆள். "நான்தான் அந்தச் சீலன்" என்றார், புதிதாக வந்த எனக்காக. "அவர் அடிச்சிராட்டில் இப்ப உங்களுக்கு முன்னால இல்லை."

மகேந்திரத்தார் சேர்ட் பைக்குள்ளிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கை ஆடியதால் அது விழப்பார்த்தது. ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒரு பக்கம். இருபத்திரண்டு பெயர்கள். பக்கத்தில் புழு நெளிந்ததுபோல் சரி அடையாளங்கள்.

லோகா அக்கா கொப்பியைத் திறக்கவில்லை. பென்சிலை எடுத்தார். "இது நீங்களா?" என்று திரும்பவும் கேட்டார்.

"எழுதுங்கோ" என்றார் மகேந்திரத்தார்.

நல்ல பிரதி எழுதும் வேலையைச் சிவபாதம் அண்ணையிடமே கொடுத்தார் லோகா அக்கா. அதையும் நான் கவனித்தேன். கை நடுங்காமல் முத்துப்போல எழுதினார். எழுதி முடித்ததும் பழக்கத்தில் "யுவர் மோஸ்ட் ஹம்பிள்" என்று போடப்போனவர், தலையை நிமிர்த்தி லோகா அக்காவைப் பார்த்தார். பிறகு தன் பெயரை மட்டும் எழுதினார்.

மூன்று மணி

அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். கறுப்பினப் பெண், நனைந்த குடை, களைத்த முகம். சேர்ச் பாதிரியாரும் கூட வந்தார். அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, இதில் எது உண்மை என்று கேட்டார்.

சிவபாதம் அண்ணை எழும்பி நின்றார். அவருடைய இங்கிலீஷ் பழைய பாடசாலை இங்கிலீஷ், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். முதலாவது தான் மரியாதைக்கு எழுதியது, இரண்டாவதுதான் உண்மை, பிழை தன்னுடையது மட்டுமே என்று சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. பதில் வரும்வரை நின்றார். ஹீட்டருக்காகத் தன்னை நாதியற்றவன் என்று எழுதிய மனிதர், நண்பர்களுக்காக அப்படி நின்றதை நான் மறக்கமாட்டேன்.

இவர்களில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் எப்படித் தெரியும் என்று கேட்டார் அதிகாரி. மகேந்திரத்தாரின் கொப்பி அவர் கைக்குப் போனது. கனநேரம் பக்கங்களைப் புரட்டினார். எங்கள் அலுவலகத்தில்கூட இப்படி ஒன்று இல்லை என்றார். பிறகு குசினிக்கு இறங்கும் படிகளைப் பார்த்தார். பதினான்கு படி, ஒரு பல்பு, கைபிடி இல்லை.

இது பராமரிப்பு நிலையம் இல்லை, அயலவர்கள் கூடிச் சாப்பிடும் இடம் என்று எழுதிக்கொண்டார். அப்படியானால் தனக்கு வேண்டியது இரண்டு: படிக்குக் கைபிடி, மண்டபம் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கட்டிடத்துக்குப் பொறுப்பான ஒரு ஆள். அடுத்த செவ்வாய்க்குள் இரண்டும் இருந்தால் சாப்பாடு நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது.

பாதிரியார் தலையைச் சொறிந்தார். பழைய கெயர்டேக்கர் போய் இரண்டு மாதம், ஆள் கிடைக்கவில்லை என்றார்.

அதைக் கேட்டுவிட்டு நான் கீழே குசினிக்குப் போய்ச் சமையல் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். லோகா அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு டிரில் புடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"வேல செய்ய பேப்பர் இருக்கா?"

"இருக்கு. ஆனா அக்கா, உண்மையைச் சொல்லிறன். நான் ஒரு இடத்திலயும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்ததில்லை."

"ரெண்டு வருஷத்த யாரு கேட்டா? நான் செவ்வாக்கெழமய கேட்டேன்."

பதினான்கு படி

அன்றிரவு மகேந்திரத்தார் வீட்டு முன்னறையில் படுத்தேன். புதன் காலை ஒன்பது மணிக்குப் பாதிரியார் மண்டபத்துத் திறப்புக் கோர்வையையும் ஒரு பழைய டிரில்லையும் தந்தார். கெயர்டேக்கர் வேலை தொடங்கிவிட்டது. கைபிடிக் கட்டை நான் வாங்கி வந்தது, நல்ல பைன் மரம், நீளம். சுவர் பழைய செங்கல். முதல் துளையிலேயே சிவப்புத் தூள் கண்ணுக்குள் போய்விட்டது.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால் சிவபாதம் அண்ணை மேலே நிற்கிறார். சேர்ட்டுக் கையை முழங்கைவரை மடித்திருந்தார்.

"அண்ணை, மேல போய் இருங்கோ. தூசி."

"நீர் துளையைப் போடும் தம்பி. மற்றப் பக்கம் நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

ஒவ்வொரு படியாக இறங்கி ஏழாவதில் நின்றார். இரண்டு கையாலும் கட்டையைத் தாங்கிக்கொண்டார். நான் நாலு இடத்தில் துளை போட்டுத் திருகாணி முடுக்கும்வரை அசையவில்லை. முடிந்ததும் கையை எடுத்து, பாரம் முழுவதையும் அந்தக் கட்டையில் போட்டு ஒருதரம் கீழே இறங்கினார், ஒருதரம் மேலே ஏறினார். சுவரைத் தொடவில்லை.

"ஓம், ஆடேல்லை" என்றார். "அடுத்த துண்டை எடும்."

எடுத்தேன்.